எழுந்து நிற்காத வேட்பாளர்

எலியாஸ் ஹார்க்னஸ் வக்கீல். சைலஸ் மெர்டன் என்ற விவசாயி அவரிடம் சட்டம் படித்து வந்தான். அந்த நாளில் அமெரிக்காவில் சட்டம் படிக்கக் கல்லூரிக்குப் போகத் தேவையில்லை. ஒரு வக்கீலின் அறையில் உட்கார்ந்து, அவர் புத்தகங்களைப் படித்து, அவரோடு வாதாடிப் பழகினால் போதும். தலை நரைக்கத் தொடங்கிய விவசாயிக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஊர் சிரித்தது. ஹார்க்னஸ் சிரிக்கவில்லை. கட்டணமும் வாங்கவில்லை.

இங்கிலாந்து ராஜாவை விரட்டிவிட்டு நாடு தன் காலில் நிற்கப் பழகிக்கொண்டிருந்த காலம். முதல் ஜனாதிபதி பதவியை விட்டுப் போகும்போது, கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்ளாதீர்கள் என்று புத்தி சொல்லிவிட்டுத்தான் போனார். யார் கேட்டார்கள்? அவர் சொல்லும்போதே நாடு இரண்டுபட்டுத்தான் கிடந்தது. வர்ஜீனியாவின் இந்தச் சின்ன ஊரிலும் ஆளும் கட்சியான ஃபெடரலிஸ்டுகள் தொப்பியில் கறுப்பு ரிப்பன் குத்திக்கொண்டார்கள், எதிர்க்கட்சியான ரிபப்ளிகன்கள் மூவண்ண ரிப்பன். மாமனாரும் மாப்பிள்ளையும் சர்ச்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

மாநில சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. ஃபெடரலிஸ்ட் பக்கம் ஹார்க்னஸ் நின்றார். எதிரே டாப்னி என்ற பண்ணைக்காரர், ரிபப்ளிகன்.

சைலஸின் மனசு ரிபப்ளிகன் பக்கம். அரசாங்கத்தைத் திட்டி எழுதினால் ஜெயில் என்று ஃபெடரலிஸ்டுகள் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். அவன் பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஜோப் கேரியின் தம்பி, பத்திரிகை அச்சடித்த பாவத்துக்கு, அந்தச் சட்டத்தில் உள்ளே கிடந்தான். டாப்னி ஜெயித்தால் அதைக் கண்டித்துச் சட்டசபையில் பேசுவார் என்று ஜோப் நம்பியிருந்தான். சைலஸும் ஹார்க்னஸின் அறையிலேயே அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொண்டை வற்ற வாதாடியிருக்கிறான். அவர் கோபப்படவில்லை. நடுவில் ஓரிடம் நொண்டுகிறது, அதைச் சரிபண்ணு என்று சொல்லி, தன் கட்சிக்கு எதிரான வாதத்தைத் தானே சீர்செய்து கொடுத்தார். அப்படி ஒரு மனுஷர். அவரை எதிர்த்து எப்படி ஓட்டுப் போடுவது?

தேர்தலுக்கு முந்தின நாள் சைலஸ் கேட்டே விட்டான்.

"ஐயா, குரு ஒரு கட்சி, சீடன் ஒரு கட்சி என்றால், சீடன் என்ன செய்ய வேண்டும்?"

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றார் ஹார்க்னஸ்.

அந்த ஊரில் ரகசிய ஓட்டெல்லாம் கிடையாது. நிலம் உள்ள வெள்ளைக்கார ஆண்களுக்குத்தான் ஓட்டு. பெண்களையும் அடிமைகளையும் யாரும் கேட்கவில்லை. ஓட்டு உள்ளவன் கோர்ட்டு மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேர்தலை நடத்தும் அதிகாரியான ஷெரீஃப் எழுதிக்கொள்வார். வேட்பாளர்கள் இருவரும் எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பேர் சொல்லப்பட்டவர் எழுந்து, தலை குனிந்து, ஓட்டுப் போட்டவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவனை மதிக்கவில்லை என்று அர்த்தம். வாயிலிருந்து வந்த பேரை அப்புறம் மாற்றவும் முடியாது.

காலையிலிருந்தே வாசலில் ரம் ஓடியது. மத்தியானம் இரண்டு ரிப்பன்காரர்களும் கைகலந்து, ஒருவன் உதடு கிழிந்து போனான். சைலஸ் குதிரை லாயத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். யாராவது ஒருவர் எக்கச்சக்கமாக முந்திவிடட்டும், தன் ஓட்டு இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்று ஆகிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான்.

அவன் வேண்டுதல் பலிக்கவில்லை. பொழுது சாயும்போது இரண்டு பக்கமும் சமம். பாக்கி இருந்தவன் சைலஸ் ஒருவன்தான்.

ஜோப் தேடிக் கண்டுபிடித்து அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தான். "என் தம்பியை நினைத்துக்கொள்" என்று மட்டும் சொன்னான்.

மண்டபத்தில் ஷெரீஃப் பேரைக் கூப்பிட்டு, யாருக்கு என்று கேட்டார். சைலஸ் ஹார்க்னஸைப் பார்த்தான். அவன் வாதாடும்போதெல்லாம் எப்படிக் கவனித்துக் கேட்பாரோ, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். இவரைத் தோற்கடித்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு அந்த அறைக்குள் நுழைவது என்று நினைத்தான்.

"ஹார்க்னஸ்" என்றான்.

கறுப்பு ரிப்பன் தொப்பிகள் கூரையை முட்டின. யாரோ மேசையைத் தட்டினார்கள். ஜோப் அவன் கையை விட்டான்.

ஹார்க்னஸ் எழுந்திருக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சல் அடங்கியது. ஷெரீஃப் தொண்டையைச் செருமி, ஐயா, உங்களுக்குத்தான் என்று ஞாபகப்படுத்தினார். டாப்னிகூடத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து வந்த குடிகாரனுக்கும் கடன்காரனுக்கும் எழுந்து தலை குனிந்த மனுஷர், இப்போது பெஞ்சில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஷெரீஃப் வேறு வழியில்லாமல் முடிவை அறிவித்தார். ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஹார்க்னஸ் ஜெயித்தார்.

கூட்டம் அவரைத் தோளில் தூக்க வந்தது. வேண்டாம் என்று கையால் விலக்கிவிட்டு வெளியே நடந்தார். ஜோப் யாரையும் பார்க்காமல் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

சைலஸ் பின்னாலேயே ஓடினான். அவனுக்கு அவமானமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. ஊர் முன்னால் ஏன் என்னைத் தலைகுனிய வைத்தீர்கள் என்று கேட்டான். அவர் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தார்.

"என் மனசுக்கு விரோதமாக, உங்களுக்காகத்தானே ஐயா சொன்னேன்?"

ஹார்க்னஸ் திரும்பினார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை.

"எனக்கு இருப்பது ஒரே ஓட்டு, சைலஸ். அதை நான் காலையிலேயே போட்டுவிட்டேன்."