குளம்பு தொட்ட வெண்காடர்

வன்னிக்குறிச்சி வன்னீசர் கோயிலின் குதிரை லாயத்தில் லத்தி அள்ளும் பணி செய்துவந்தவர் வெண்காடர். லாயத்து வாடை அடிக்கிறது என்று அவரைக் கொடிமரம் தாண்டி உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அவர் தம் பூசையை லாயத்திலேயே வைத்துக்கொண்டார். விடிந்ததும் லாயத்துக் குதிரைகளின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்து, குளம்பில் அடைந்திருக்கும் கல்லையும் மண்ணையும் நோண்டி எடுத்துக் கழுவித் துடைப்பார். ந, ம, சி, வா என்று குளம்புக்கு ஓர் எழுத்து. மிச்சமிருக்கும் ‘ய’ நெற்றிக்கு. அவருக்குத் தெரிந்த அருச்சனை அவ்வளவுதான்.

கழுவும்போதே அவர் கை நோய் பார்த்துவிடும். குளம்பு சுடுகிறதா, கணுக்காலின் பின்னால் நாடி நிதானமாக ஓடுகிறதா என்று தடவிப் பார்ப்பார். விலாவில் காதை வைத்துக் கேட்பார். வயிற்றில் இரைச்சல் இருந்தால் நலம், சத்தம் அடங்கிப்போனால் ஆபத்து என்பார். லத்தியையும் கிளறிப் பார்ப்பார். அதைக் கண்டு ஊரார் அவருக்கு ‘லத்தி சோதிடர்’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். தங்கள் மாடோ குதிரையோ நொண்டினால் மட்டும் சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு அதே சோதிடரைத் தேடி வந்தார்கள்.

அடியார் என்றாலே வாய் பொத்தி நிற்பவர் என்று யாரோ நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். வெண்காடர் அப்படியல்லர், கோபக்காரர். ஈசனிடமே சண்டை பிடிப்பவர். அந்தக் கோபமும் பக்திதான் என்பது ஊருக்கு விளங்கச் சில நாள் ஆயிற்று.

ஓர் ஆண்டு திருவிழாவில் வீதியுலாவின் முன்னே நடப்பதற்கென்று சிற்றரசர் கப்பலில் வந்த வெள்ளைக் குதிரை ஒன்றைக் கோயிலுக்குக் கொடுத்தார். சோமன் என்று பெயரிட்டார்கள். சாமியின் குதிரை அல்லவா, அது புல்லும் கொள்ளும் தின்னலாமா? கோயில் காரியம் பார்த்த அம்பலக்கூத்தர், நைவேத்தியமான நெய்ப்பொங்கலைத் தினமும் அண்டா அண்டாவாக அதற்கு ஊட்டச் சொன்னார். ஊர்ச்சனங்களும் புண்ணியம் என்று உருட்டி உருட்டிக் கொடுத்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கோயிலுக்குள் நுழைந்தால் மட்டும் மறந்துவிடும்.

கொடியேறிய மூன்றாம் நாள் சோமன் லாயத்தைவிட்டு வெளியே வர மறுத்தது. முன்னங்கால் இரண்டையும் முன்னே நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னே தள்ளிச் சாய்ந்து நின்றது. வெண்காடர் குனிந்து குளம்பைத் தொட்டார். அடுப்புக் கல்லாகச் சுட்டது. நாடி திம் திம்மென்று அடித்தது.

தோளில் பிடிப்பு, கண்ணேறு என்றார் அம்பலக்கூத்தர். இரும்பைக் காய்ச்சி இரண்டு தோளிலும் சூடு போடச் சொன்னார். போட்டார்கள். நோய் காலில், சூடு தோளில்! வாயில்லாத சீவன் வலியில் நடுங்கியதைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் கைகட்டி நின்றார்கள்.

வெண்காடர் குறுக்கே போய் நின்றார்.

“சோறுதான் ஐயா இதுக்கு நோவு. குளம்புக்குள்ள கொதிக்குது. ஒரு வீதி நடத்தினீங்கன்னா உள்ள இருக்கற எலும்பு எறங்கிடும், அப்புறம் இது எந்திரிக்காது. பொங்கலை நிறுத்துங்க. குளத்துச் சேத்துல நிக்க வைக்கறேன்.”

“சாமி சோறு விஷம்னா சொல்றே?” என்றார் அம்பலக்கூத்தர்.

“குதிரைக்கு விஷந்தான்.”

சிவநிந்தை என்று தீர்ப்பாயிற்று. கொடிமரத்தில் கட்டி, அவர் கையாலேயே எண்ணெய் தடவிப் பதப்படுத்திய சவுக்கால் பன்னிரண்டு அடி அடித்தார்கள். லாயத்துக்கும் கோயிலுக்கும் இனி வரக்கூடாது என்றார்கள். ஏழாம் நாள் உலாவுக்குக் குதிரையை இழுத்துக்கொண்டாவது வருவோம் என்றும் சொன்னார்கள்.

கட்டவிழ்த்ததும் வெண்காடர் நேரே லாயத்துக்குத்தான் போனார். பட்டப்பகலில், எல்லாரும் பார்க்க, சோமனின் கயிற்றைப் பிடித்து அடி அடியாக நகர்த்தி, முப்பது தப்படித் தொலைவில் இருந்த குளத்தில் இறக்கினார். குளிர்ந்த சேறு கணுக்கால்வரை ஏறியது. தீர்த்தம் தீட்டுப்பட்டது என்று கரையிலிருந்து மண்ணாங்கட்டி எறிந்தார்கள்; சேற்றில் இறங்கி அவரைப் பிடிக்க ஒருவரும் துணியவில்லை. முதுகின் காயத்தில் அது பட்டபோதும் அவர் நகரவில்லை. அறுகம்புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுத்து, நான்கு நாள் குதிரையோடு சேற்றில் நின்றார். கோபுரத்தைப் பார்த்து ஓயாமல் திட்டினார்.

“சோறும் உன்னுது, குதிரையும் உன்னுது. எது வேணும்னு வாயத் தொறந்து சொல்லேன். நாந்தான் கத்திக்கிட்டுக் கெடக்கணுமா?”

ஏழாம் நாள் காலை, உலாத் திருமேனியின் பாதத்தில் பூ வைத்த குருக்கள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பாதம் சுட்டது. வைத்த பூ கருகியது. இளநீர் ஊற்றினார்கள், சந்தனம் அரைத்துப் பூசினார்கள். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. அம்பலக்கூத்தர் தொட்டுப் பார்த்தார், விரல் கொப்பளித்தது. வேறெங்கும் சூடில்லை, இரண்டு பாதங்களில் மட்டும்தான். பார்த்துக்கொண்டிருந்த சிற்றரசர், இந்த நோயை இதற்குமுன் யாராவது கண்டதுண்டா என்று கேட்டார். குருக்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு, குளத்தில் ஒருவர் நிற்கிறார் என்றார்.

சேறு சொட்டச் சொட்ட வெண்காடர் கொடிமரத்தைத் தாண்டினார். வாழ்நாளில் முதல் முறை. சன்னதியில் அவர் கும்பிடவில்லை. மண்டியிட்டு, குளம்பைத் தொடுவது போலவே திருவடியைத் தொட்டார். அவர் கை சுடவில்லை. செம்பாலான கணுக்காலின் பின்னால் விரல் வைத்தார். அங்கே நாடி திம் திம்மென்று அடித்தது.

அதுவரை கோபத்தில் கொதித்திருந்தவர் அப்போதுதான் உடைந்து அழுதார்.

“ஏன்யா, அதோட வலிய நீ வாங்கிக்கிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்படாதா?”

தம் காலில் ஒட்டியிருந்த குளத்துச் சேற்றை வழித்து இரண்டு பாதங்களிலும் அப்பினார். ந, ம, சி, வா என்று சொல்லிக்கொண்டே அப்பி, மிச்சமிருந்த ஒரு விரல் சேற்றைச் சாமியின் நெற்றியில் வைத்தார். திருவடி குளிர்ந்தது. அதே நேரத்தில் சோமன் நான்கு கால்களிலும் சமமாக ஊன்றி நின்று புல்லைக் கடித்ததாகக் குளக்கரையிலிருந்து ஆள் ஓடி வந்து சொன்னான்.

அம்பலக்கூத்தர் காலில் விழப் போனார். வெண்காடர் விலகிக்கொண்டார்.

“எனக்கு வேணாம். சூடு பட்ட அந்தத் தோள்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

குதிரை குணமாகிவிட்டதே, இன்று உலாவுக்கு அழைத்துவரலாமா என்று சிற்றரசர் பணிவாகக் கேட்டார். இன்னும் ஒரு மாதம் அது ஓரடிகூட வீதியில் நடக்கக்கூடாது என்று வெண்காடர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அரசர் திருமேனியைப் பார்த்தார். பாதத்துச் சேறு ஈரமாகவே இருந்தது. அந்த ஆண்டு குதிரை சாமியிடம் வரவில்லை. சாமி பல்லக்கேறிக் குளக்கரைக்குப் போய், குதிரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

சவுக்கடிக்கு அஞ்சாமல் ஒரு வாயில்லா உயிருக்காக ஈசனையே அதட்டிக் கேட்ட வெண்காடரின் சேற்றுக் கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.