படிக்கட்டில் எழுதிய நேரம்

நடக்க முடியாதவர்களைச் சோதிக்கும் முகாமை, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வைத்தார் ஒரு புண்ணியவான். அவர்தான் அதிகாரி. போன வருஷம் கால் நடக்காத தையல்காரி செண்பகவடிவு, ஏற முடியாமல் கீழேயே காத்திருந்தாள். ‘ஆள் வரவில்லை’ என்று எழுதி உதவித்தொகையை நிறுத்திவிட்டார்.

“இந்தத் தடவை கிழிஞ்ச சேலை கட்டிக்கிட்டுப் போய் அழு” என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவளோ இஸ்திரி போட்ட சேலை கட்டினாள். கைக்கடிகாரத்தையும் துணியில் அளவு போடும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே ஏறினாள்.

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ரெண்டு மாடி ஏறிட்டீங்க. கால் நல்லாத்தானே இருக்கு? தள்ளுபடி!”

“சரி சார். சாப்பிடப் போகும்போது படியைப் பார்த்து இறங்குங்க.”

சாப்பிட இறங்கியபோது அதிகாரி பார்த்தார். ஒவ்வொரு படியிலும் அவள் ஏறிய நேரம் சாக்பீஸில் எழுதியிருந்தது. மேல்படியில் பன்னிரண்டே முக்கால். கீழே முதல் படியில் ஒன்பது. ஏற முடியாமல் கீழே காத்திருந்த கூட்டம் அதைச் சத்தம்போட்டு வாசித்தபடி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

கீழே வந்து சேர்ந்த அதிகாரி மாடியைப் பார்த்துக் கத்தினார். “அம்மா, கீழே வாங்க! கையெழுத்துப் போட்டுடறேன்!”

மேலிருந்து பதில் வந்தது: “நீங்க ஏறி வாங்க சார். உங்க கால் நல்லாத்தானே இருக்கு?”