கிணற்றுக்குள் பூஜ்யம் பேர்

அரைக்கால்பட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் போதும், சொன்னபடியே செய்வார்கள். ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது. அதுதான் அந்த ஊருக்கு வந்த வினை.

கோடையில் ஊர்க்கிணற்றைத் தூர் வாரினார்கள். இறங்கி ஏற ஒரு கயிற்று ஏணி. பிள்ளைகள் அதில் தொங்கி விளையாடிக் கிணற்றில் விழுந்துவிடுமோ என்று வெள்ளைத்தாய்க்கு ஓயாத கவலை. அவள் புலம்பல் பொறுக்காமல் ஊர்த்தலைவர் மாயாண்டி ஓர் ஏற்பாடு செய்தார்.

"உள்ள ஆள் இருந்தாத்தான் ஏணி இருக்கணும். இறங்குறவன் மோட்டார் ரூம் சுவத்துல இருக்கிற எண்ணைப் பாத்து ஒண்ணு கூட்டி எழுதணும். ஏறினவன் ஒண்ணு கழிச்சு எழுதணும். பூஜ்யம் வந்துட்டா, மேல காவலுக்கு நிக்கிற நம்ம சங்கிலிப்பய ஏணியைத் தூக்கிரணும். ஏணிய இறக்குறதும் தூக்குறதும் அவன் மட்டும்தான்."

மறுநாள் காலையில் வெள்ளைத்தாயின் புருஷன் இருளப்பனும் பக்கத்து வீட்டுக் குருசாமியும் சேர்ந்தே வந்தார்கள். சேர்ந்தே சுவரைப் பார்த்தார்கள். பூஜ்யம். ஒன்று கூட்டினால் ஒன்று என்று இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். குருசாமி ஒன்று எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தான். இருளப்பன் தான் போட்ட கணக்கை மறக்கவில்லை. குருசாமி எழுதியதை அழித்துவிட்டு, இன்னும் அழகாக ஒன்று எழுதினான். இருவரும் இறங்கினார்கள்.

குருசாமிக்குச் சீக்கிரம் பசித்தது. ஏறி வந்தான், ஒன்றில் ஒன்றைக் கழித்தான், சாப்பிடப் போய்விட்டான். சங்கிலி ஏணியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்துக் கிணற்றில் ஊற்று திறந்துகொண்டது.

வெள்ளைத்தாய் வந்தபோது இருளப்பன் முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஏணியைப் போடுங்க. அவுக உள்ள நிக்காக."

"சுவத்தைப் பாருங்க மதினி. உள்ள ஆள் இல்ல."

"அப்ப கத்துறது யாரு?"

"அதான் நானும் ரொம்ப நேரமா யோசிக்கேன்." சங்கிலி கிணற்றை எட்டிப் பார்த்தான். "அண்ணே, இறங்கையில எழுதினீகளா?"

"எழுதினேன்டா. ஒண்ணு."

"அதைக் குருசாமி அழிச்சுட்டுப் போயிட்டாரே."

இருளப்பன் தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அப்ப நான் எங்கடா இருக்கேன்?"

"அதை நீங்கதாண்ணே சொல்லணும்."

ஊர் கூடியது. தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. "சுவத்துல ஒண்ணுன்னு எழுதிட்டா முடிஞ்சுபோச்சே" என்று வெள்ளைத்தாய் கெஞ்சினாள்.

மாயாண்டிக்கு அது பிடிக்கவில்லை. "யாரும் இறங்காம எண்ணைக் கூட்டுறதா? நாளைக்கு ஆளாளுக்கு வீட்டுல இருந்துகிட்டே இறங்க ஆரம்பிச்சிருவான்."

ஆகவே முறைப்படி ஒருவன் இறங்க வேண்டும். குருசாமி முன்வந்தான். ஒன்று எழுதினான், ஏணி இறங்கியது, அவனும் இறங்கினான். இருளப்பன் ஏறி வந்தான். பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே சுவருக்குப் போய்ப் பூஜ்யம் எழுதினான். சங்கிலி ஏணியைச் சுண்டி இழுத்தான். அதன் கடைசிப் படியில் ஒரு காலை வைத்திருந்த குருசாமி தண்ணீரில் உட்கார்ந்தான்.

வெள்ளைத்தாய் கண்ணைத் துடைத்தாள். குருசாமியின் பெண்டாட்டி அழத் தொடங்கினாள்.

குருசாமியை மீட்க அவன் மைத்துனன் இறங்கினான். மைத்துனனை மீட்க அவன் அண்ணன். பொழுது சாய்வதற்குள் ஊர் ஆண்கள் எல்லாரும் ஒருமுறை மாட்டி ஒருமுறை மீண்டிருந்தார்கள். கடைசியாகக் கழுத்தளவு தண்ணீரில் மாயாண்டி நின்றார். இன்னும் இறங்காதவன் சங்கிலி ஒருவன்தான்.

சங்கிலி ஒன்று எழுதி, ஏணியை இறக்கி, தானும் இறங்கினான். மாயாண்டி நடுங்கிக்கொண்டே ஏறிப் பூஜ்யம் எழுதினார். ஏணியைத் தூக்க வேண்டியவனோ உள்ளே இருந்தான். கடமை தவறாத சங்கிலி விறுவிறுவென்று ஏறி வந்து, ஏணியைத் தூக்கிச் சுருட்டிவிட்டு, எண்ணைக் கழிக்கப் போனான்.

போனவன் சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றான். "தலைவரே, பூஜ்யத்துல எதைக் கழிக்க?"

மாயாண்டி தலையைத் துவட்டியபடி தீர்ப்புச் சொன்னார். "கழிக்காதவன் ஏறினவன் இல்ல. நீ இன்னும் உள்ளதான் இருக்க."

சங்கிலியின் முகம் வெளிறியது. மெல்லக் கிணற்றோரம் போய்க் குனிந்து பார்த்தான்.

"மதினி, அண்ணனைக் கொஞ்சம் இறங்கச் சொல்லுங்க," என்றான் வெள்ளைத்தாயிடம். "எனக்கு நீச்சல் தெரியாது."