மூலையில் ஒரு துளை

முகத்தோடு முகம் வைத்தால் உள்ளபடி காட்டும். முதுகைத் திருப்பி வைத்தால் மாற்றிக் காட்டும். அது எது?

யோசித்துக்கொண்டே கேளுங்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

"டீச்சர், நீங்க எதையோ எங்கிட்ட மறைக்கிறீங்க" என்றார் இசக்கியப்பன்.

சலோமி டீச்சர் படம் கழுவும் தட்டுகளில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

இசக்கியப்பன் பதினெட்டு வருடமாக பஸ் கண்டக்டர். டிக்கெட் எடுக்காமலிருக்கத் தூங்குவதுபோல் நடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, நிஜமாகத் தூங்குகிறவர்களையும் அவர் நம்புவதில்லை.

அவரிடம் ஒரே ஒரு ஃபிலிம் நெகட்டிவ் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் இறந்துபோன மனைவி செண்பகத்தின் படம். அச்சிட்ட படம் மழை வெள்ளத்தில் போய்விட்டது. அவர்கள் மகள் பூரணிக்கு இப்போது ஏழு வயது. அம்மா முகத்தை அவள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் நெகட்டிவை எந்த ஸ்டூடியோவிலும் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தொலைத்துவிட்டால்? வேறொன்றை மாற்றிக் கொடுத்துவிட்டால்?

அதனால்தான் தானே அச்சிடக் கற்றுக்கொள்ள வந்தார். பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ வைத்து இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும், தன்னைவிடப் பத்து வயது சின்னவரான டீச்சரிடம். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. தட்டுக் கழுவினார், தாள் வெட்டினார், வேடிக்கை பார்த்தார்.

"எல்லாம் சொல்லிட்டேன் சார். நெகட்டிவ்ல ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். மங்கலான பக்கம் தாளைத் தொடணும். மேல கண்ணாடி. மூணு எண்ணுற வரை வெளிச்சம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இன்னிக்கு நீங்களே போடுங்க."

"நீங்க?"

"கதவுகிட்ட நிக்கேன். தொட மாட்டேன்."

தொட மாட்டேன் என்று எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்?

டீச்சர் முன்னறையை எட்டிப் பார்த்தார். அங்கே, படமெடுக்க வருகிறவர்கள் தலைவாரும் கண்ணாடி முன்னால் பூரணி உட்கார்ந்திருந்தாள்.

"வந்தா கண்ணாடியை விட்டு நகர மாட்டேங்கிறாளே."

"வீட்லயும் அப்படித்தான். இவளை மடியில வச்சு, கண்ணாடி முன்னாலதான் இவ அம்மா தலை பின்னிவிடுவா. பழக்கம் இருக்கு. முகம் மறந்துபோச்சு."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். அப்போ நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன நினைப்பு இருக்கும்?"

டீச்சர் இருட்டறைக் கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

இசக்கியப்பன் முன்னேற்பாட்டோடுதான் வந்திருந்தார். அன்று காலையில் டிக்கெட் குத்தும் கருவியால், படத்தின் வலது மேல் மூலையில் ஒரு துளை போட்டிருந்தார். செண்பகத்தின் பின்னால் தெரியும் வெள்ளைச் சுவரில். இனி யாரும் மாற்ற முடியாது.

தாளை வைத்தார். நெகட்டிவை எடுத்தார். அப்போது இன்னொரு சந்தேகம் வந்தது. மங்கலான பக்கத்தில்தானே படமே இருக்கிறது? அதை ஏன் தாளில் உரசச் சொல்கிறார்? கீறல் விழட்டும் என்றா?

டீச்சருக்கு முதுகைக் காட்டி நின்று, மங்கலான பக்கத்தை மேலே திருப்பி வைத்தார். கண்ணாடியை அழுத்தினார். விளக்கைப் போட்டு மூன்று எண்ணினார்.

தாளை மருந்துத் தட்டில் போட்டார். செண்பகம் மெல்ல எழுந்து வந்தாள். நெகட்டிவ் அளவேதான், ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.

படம் நிலைக்க ஹைப்போ மருந்தில் போட்டுக் கழுவி, வெள்ளை விளக்கில் பார்த்தார். முகம் சற்றுக் கலங்கியிருந்தது.

மூக்குத்தி இடது மூக்கில் இருந்தது.

"இது என் பொண்டாட்டி இல்ல!"

"அப்படியா?"

"அவ வலது மூக்குலதான் குத்தியிருந்தா. துளையும் இடது பக்கம் இருக்கு. நான் போட்டது வலது பக்கம். யாரோ மாத்தி, அதுலயும் ஒரு துளை போட்டிருக்காங்க!"

"யாரு?"

"அறைக்குள்ள ரெண்டு பேர்தானே இருந்தோம்?"

டீச்சர் நெகட்டிவின் ஓரத்தைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கினார். துளை இடது பக்கம் இருந்தது. தோசையைப் புரட்டுவதுபோல் ஒரு புரட்டுப் புரட்டினார். துளை வலது பக்கம் வந்தது.

மறுபடி புரட்டினார். மறுபடியும்.

இசக்கியப்பன் நெகட்டிவை வாங்கிக்கொண்டு, "கீறிடும்னு நினைச்சேன்" என்றார்.

"கீறலாம்தான். தாளைத் தொட பயந்தா, தாள்ல எப்படி சார் விழும்?"

இசக்கியப்பன் வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தாளை எடுத்தார். மங்கலான பக்கத்தைத் தாளோடு சேர்த்து வைத்தார்.

இந்த முறை இமை முடியைக்கூட எண்ணலாம் போலிருந்தது. மூக்குத்தி வலது மூக்கில். துளை அதன் இடத்தில்.

"இவதான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் படத்தைக் கிழிக்கப் போனார்.

டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யாருக்குப் படம்?"

"பூரணிக்கு."

"அப்போ அவகிட்ட காட்டாம ஏன் கிழிக்கிறீங்க?"

"தப்பான படம் டீச்சர். குழம்பிடுவா."

டீச்சர் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். கண்ணாடியின் கீழே இருந்த பலகையில் அடுத்தடுத்து வைத்தார். ஈரம் சொட்டியது.

"கண்ணு, இதுல இதுதான்…" என்று தொடங்கினார் இசக்கியப்பன்.

டீச்சர் கையை உயர்த்தினார். அவர் நிறுத்திக்கொண்டார்.

பூரணி இரண்டையும் பார்த்தாள். அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்ததுபோல், நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள்.

இடது மூக்கில் மூக்குத்தி இருந்த படத்தை எடுத்துக்கொண்டாள்.