சொந்தத் திரி

பூவாளியூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். ராஜா கனகராயர் அரண்மனையில் தும்மினால் எல்லைக் காவல்காரன் "நூறாயுசு!" என்று சொல்லுவான். அந்த ராஜ்யத்தின் அரசவைப் புலவன் நான்தான், அம்பலத்தாடி. போர் தெரியாது, கணக்குத் தெரியாது, வாய் மட்டும் உண்டு. என் குடும்பமே அந்த வாயை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஒருநாள் மாலை ராஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விளக்குத் திரி பொசுக்கென்று அணைந்துவிட்டது. இருட்டில் கத்தரிக்காய் என்று நினைத்து முழு மிளகாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் போட்ட கூச்சலுக்கு கொட்டிலில் இருந்த யானை பதில் சொன்னது.

மறுநாள் சபை கூடியதும் பிரதானி ரங்கப்பர் எழுந்தார். அவருடைய தொந்தியைப் பற்றி நான் ஒரு வெண்பா பாடியதிலிருந்து அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது.

"அரசே, எல்லாம் கடைத் திரியின் கோளாறு! பஞ்சென்று சொல்லிக் கந்தலைச் சுருட்டி விற்கிறார்கள். அவரவர் திரியை அவரவரே திரித்துக்கொண்டால் இந்த ஆபத்து வருமா?"

சொல்லிவிட்டு என் கைகளை ஓரக்கண்ணால் பார்த்தார். என் கைகளின் லட்சணம் ஊருக்கே தெரியும். நான் கட்டிய வேட்டியே பாதி வழியில் என்னை விட்டுப் பிரிந்துவிடும்.

ராஜாவுக்கு நாக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "சரி! இனி இந்த ராஜ்யத்தில் சொந்தத் திரிதான் எரிய வேண்டும். பௌர்ணமியன்று சபையில் எல்லோரும் ஆளுக்கொரு விளக்கோடு வாருங்கள். சொந்தத் திரி இல்லாதவன் வேறு வேலை தேடிக்கொள்ளலாம்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தொடையில் வைத்து உருட்டினேன். பஞ்சு திரியாகவில்லை. தொடை மயிர்தான் பஞ்சோடு போயிற்று. அந்தி சாயும் நேரத்தில் ஒரு வழியாக ஏதோ ஒன்று உருவாகியிருந்தது.

என் மனைவி தையல்நாயகி எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, எலி செத்துக் கிடக்குதே!"

"அது எலி இல்லை. திரி."

அதை விளக்கில் போட்டுப் பற்றவைத்தேன். எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டுப் புகையாகக் கக்கியது. பக்கத்து வீட்டுக்காரர் தீப்பிடித்துவிட்டதென்று குடத்தோடு ஓடி வந்தார்.

"நீயாவது ஒன்று திரித்துக் கொடேன்" என்று கெஞ்சினேன்.

"உங்க பாட்டை நான் எழுதிக் கொடுத்தா உங்க பாட்டுன்னு சபையிலே படிப்பீங்களா?"

"தாராளமாகப் படிப்பேன்."

"படிப்பீங்க! நான் மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். திரி விற்கிற பேச்சாயி கூடை நிறையத் திரிக்கட்டுகளை வைத்துக்கொண்டு கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பேச்சாயி, வியாபாரம் எப்படி?"

"எங்க சாமி வியாபாரம்? ராசா உத்தரவு போட்டதிலேருந்து ஒரு கட்டுகூடப் போகலை. ரெண்டு பொட்டப்புள்ளைங்க வீட்டிலே பசியோட உக்காந்திருக்கு. ஊரே என் கூடையைக் கண்டா ஒதுங்கிப் போகுது."

மடியை அவிழ்த்துக் காசை எடுத்தேன். "ஒரு கட்டு கொடு" என்றேன்.

"வேணாம் சாமி! உங்க வேலை போயிடும்."

"போனால் உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பாட்டு விற்கிறேன்."

பேச்சாயி உண்மையாகவே கவலைப்பட்டாள். "அதை யாரு சாமி வாங்குவாங்க?"

காசைக் கொடுத்துக் கட்டை வாங்கித் திரும்பினால், எதிரே பல்லக்கில் ரங்கப்பர்! அன்று அவர் சிரித்த மாதிரி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

பௌர்ணமியன்று சபையில் வரிசையாக விளக்குகள். சில மினுக்கின, சில இருமின. என் விளக்கு மட்டும் முத்துப்போல நின்று எரிந்தது. ரங்கப்பர் துள்ளி எழுந்தார்.

"அரசே! புலவருடையது கடைத் திரி! இவர் வாங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன்!"

"உண்மையா?" என்றார் ராஜா.

"உண்மைதான் அரசே."

"அப்படியானால் என் உத்தரவை மீறினாயா?"

"எங்கே மீறினேன்? சொந்தத் திரி என்றீர்கள். என் காசைக் கொடுத்து வாங்கினேன். வாங்கிய பிறகு அது எனக்குச் சொந்தமில்லாமல் வேறு யாருக்குச் சொந்தம்?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் ரங்கப்பர் பக்கம் திரும்பினேன். "பிரதானியாரே, உங்கள் திரியைத் திரித்தது யார்?"

"என்... என் வீட்டு வேலைக்காரன்."

"அதற்குக் கூலி கொடுத்தீர்களா?"

"வீட்டு வேலையோடு வேலையாக அவனே..."

"கேட்டீர்களா அரசே? இவர் கையாலும் திரிக்கவில்லை, காசும் கொடுக்கவில்லை. இந்தத் திரி எந்த வகையில் இவருக்குச் சொந்தம்?"

ரங்கப்பர் மெதுவாக உட்கார்ந்தார். ஆனால் ராஜாவின் புருவம் இறங்கவில்லை.

"அம்பலத்தாடி! அவரவர் கையால் திரிக்க வேண்டும் என்றுதான் நான் சொன்னேன். அது உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே என் பேச்சைத் திரிக்கிறாய்!"

ஒரு கும்பிடு போட்டேன். கும்பிட்ட கை இறங்குமுன் வாய் முந்திக்கொண்டது.

"ஆமாம் அரசே. பஞ்சைத் திரித்துப் பார்த்தேன், எலி மாதிரி வந்தது. எப்படியும் ஏதாவது திரித்தாக வேண்டும் என்பது உங்கள் உத்தரவு. எனக்குத் திரிக்க வருவது பேச்சு ஒன்றுதான்!"

ராஜா என்னையே பார்த்தார். பிறகு சிம்மாசனத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு விளக்கை எடுத்தார். ஏற்றாத விளக்கு. அதில் கிடந்ததைப் பார்த்ததும் என் எலிக்கு அண்ணன் இருப்பது தெரிந்தது.

"உனக்காவது எலி வந்தது. எனக்குப் பெருச்சாளி" என்று சொல்லிவிட்டு, கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார் ராஜா.

உத்தரவு அங்கேயே ரத்தாயிற்று. திரிக்க வருகிறவர்கள் திரித்துக்கொள்ளலாம், மற்றவர்கள் வாங்கிக்கொள்ளலாம். அரண்மனை விளக்குகளுக்கெல்லாம் இனி பேச்சாயியின் திரிதான்.

"புலவனுக்குப் பரிசு?" என்று யாரோ கேட்டார்கள்.

"அந்தக் கைக்கு ஒரு தங்கக் காப்பு போடுங்கள்" என்றார் ராஜா. "இனிமேல் எந்த வேலையும் செய்யாமல் அது நம்மையெல்லாம் காப்பாற்றட்டும்!"