கயிற்றில் பாதி

ஆற்றங்கரை மடத்தின் குரு வெள்ளையம்மைக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை. சீடர்களில் பலருக்குத் தலை நரைத்திருந்தது. பெயரில் மட்டும் குழந்தையாக இருந்த குழந்தைவேலு அவர்களில் மூத்தவர்.

ஒருநாள் காலை அவர் மூட்டையும் கையுமாக வந்து நின்றார்.

“உத்தரவு குடுங்கம்மா. அக்கரையில தனி மடம் வச்சுக்கறேன்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“நான் பாட ஆரம்பிச்சா திருமேனி கரண்டியால அண்டாவைத் தட்டறார். கஞ்சி ஆறுதாம்.”

சமையல் பொறுப்பில் இருந்த திருமேனி அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார். “ஆறுதாம் இல்லம்மா, ஆறி ஆடை கட்டிடுது. ஒரு பாட்டா, ரெண்டு பாட்டா?”

“கேட்டீங்களா? நான் கிழக்குன்னா அவர் மேற்கு. இப்படி எதிரும் புதிருமா இருக்கிறவங்க எப்படிம்மா ஒண்ணா இருக்கிறது?”

சுற்றி நின்றவர்களின் முகம் வாடியது. யார் அக்கரைக்குப் போவது, யார் இங்கே இருப்பது என்ற பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அண்டா யாருக்கு என்பதில்தான் இழுபறி.

“சரி, போயிட்டு வாங்க,” என்றார் வெள்ளையம்மை. “எல்லாத்துலயும் பாதி உங்களுக்கு. கிணத்துக் கயிறு அறுந்து கிடக்கு, அதை மட்டும் முறுக்கிக் குடுத்துட்டுப் போங்க. திருமேனி, நீங்களும் வாங்க.”

தேங்காய்நாரை நீளமாகக் கோத்துப் போட்டிருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு கிணற்றின் இருபுறமும் எதிரெதிரே நின்று திருப்பினார்கள். கை வலித்ததுதான் மிச்சம். நார் உருண்டதே தவிர முறுக்கேறவில்லை.

“என்ன பண்றீங்க?”

“போற நேரத்துல எதுக்கு வம்புன்னு, அவர் திருப்பற பக்கமே நானும் திருப்பறேன்மா,” என்றார் குழந்தைவேலு.

வெள்ளையம்மை வாய்விட்டுச் சிரித்தார். “உங்களை யாரு ஒத்துப்போகச் சொன்னது? வழக்கம்போல எதிர்ப்பக்கமே திருப்புங்க.”

அது இருவருக்கும் கைவந்த கலை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திருப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் நார் விறைத்து நின்றது.

வெள்ளையம்மை அதன் நடுவில் வாளியை மாட்டினார். “இப்ப முனையை விடாம ரெண்டு பேரும் கிட்ட வாங்க.”

வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார்கள். அவர்கள் நெருங்க நெருங்க வாளி கிணற்றுக்குள் இறங்கியது. கடைசியில் மூக்கோடு மூக்கு இடிக்கிற மாதிரி நின்று, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார்கள்.

உள்ளே வாளி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. சுற்றச் சுற்ற இரண்டு புரிகளும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு மேலே ஏறி வந்தன. எட்டிப் பார்த்த சீடர்கள் கைதட்டினார்கள். திருமேனிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருவருமாக இழுத்தார்கள். தண்ணீர் தளும்பத் தளும்ப வாளி மேலே வந்தது.

குழந்தைவேலு மூட்டையைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

“அப்ப… நான் கிளம்பட்டுமாம்மா?”

“தாராளமா. கயித்துலயும் பாதி உங்களுதுதான். பிரிச்சு எடுத்துக்குங்க.”

குழந்தைவேலு கயிற்றைக் கையில் எடுத்து இப்படித் திருகிப் பார்த்தார், அப்படித் திருகிப் பார்த்தார். பின்னல் பிரியவில்லை. பிறகு திருமேனியின் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

“கஞ்சி இன்னும் சூடாத்தான் இருக்கா?”