டிஸ்கஸ் தனியாக ஆற்றைக் கடந்த கதை

அந்தக் காலத்தில் சொற்களுக்குக் கைகால் இருந்தது, வாயும் இருந்தது. இங்கிலீஷ் சீமையில் டாக் (talk), டிஸ்கஸ் (discuss) என்று அண்ணன் தம்பி இருவர். இரண்டு பேருக்கும் துணையாக அபவுட் என்றொரு சின்னச் சொல்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம். பெரிய சொல் யார் வீட்டுக்குள்ளும் நேராக நுழையாது. கூட வரும் சின்னச் சொல் முன்னால் போய்க் கதவைத் தட்டி, இன்னார் வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அபவுட்டுக்குப் பிழைப்பு, பெருமை எல்லாம் அந்தக் கதவு தட்டுவதுதான்.

ஒருநாள், அக்கரையில் இருக்கும் பிராப்ளம் காய்ச்சலில் கிடப்பதாகச் சேதி வந்தது. மூன்று பேரும் கிளம்பினார்கள். வந்து பார்த்தால் ஆற்றில் வெள்ளம், ஓடக்காரரைக் காணோம். அபவுட்டுக்கோ நீச்சல் தெரியாது.

தண்ணீர் வடியட்டும், இவனை விட்டுவிட்டுப் போவதா என்றது டாக்.

"அதுக்குள்ள அங்க மூச்சு நின்னுடும் அண்ணே. கதவுதானே, நானே தட்டிக்கிறேன்" என்று டிஸ்கஸ் குதித்துவிட்டது.

போனதும் கதவைக்கூடத் தட்டவில்லை. சொட்டச் சொட்ட நனைந்தபடி உள்ளே போய்ப் பிராப்ளத்தின் கையைப் பிடித்துக்கொண்டது. பிராப்ளமும் முறை பார்க்கவில்லை. மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டியது. கொட்டக் கொட்டக் காய்ச்சல் இறங்கிற்று.

வெள்ளம் முழங்காலளவு ஆனதும் டாக், அபவுட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. அபவுட் இறங்கி வழக்கம்போல் கதவைத் தட்டியது.

டிஸ்கஸ் எட்டிப் பார்த்தது. "எனக்காகத் தட்டாதே. நான் வந்து டீயும் குடிச்சாச்சு. அண்ணனுக்குத் தட்டு."

அபவுட்டுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பாதிப் பிழைப்பு போய்விட்டதே.

"நான் இருக்கேன்ல?" என்றது டாக். "நீ இல்லாம நான் ஒரு வாசப்படி ஏறுவேனா?"

அபவுட்டுக்கு அது போதுமாக இருந்தது. இன்னொரு முறை, சத்தமாகத் தட்டியது.

திரும்பும்போது ஓடத்துறையில் நம் ஊர்க்காரர்கள் சிலர் நின்றார்கள். விவரம் கேட்டதும் அவர்களுக்கு மனசு ஆறவில்லை. யாரையும் தனியாக வழியனுப்பிப் பழக்கமில்லையே நமக்கு. அவர் கூடவே போ சாமி என்று அபவுட்டை டிஸ்கஸின் பின்னால் தள்ளிவிட்டார்கள். டிஸ்கஸ் சிரித்துக்கொண்டே அதை அண்ணனிடம் திருப்பி அனுப்பியது.

அன்று தொடங்கித்தான் டாக் போகுமிடமெல்லாம் அபவுட் கூடப் போகிறது, டிஸ்கஸ் தனியாகப் போகிறது. நாம் மட்டும் இன்னும் மனசு கேட்காமல் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதி, டிஸ்கஸுக்குப் பின்னாலும் அபவுட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். வாத்தியார் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, அதை அண்ணனிடமே திருப்பி அனுப்புகிறார்.